மேஜர் பவலின் தண்ணீர்க் கணக்கு

(வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஜான் வெஸ்லி பவல் என்ற பெயரைச் சொன்னால் அமெரிக்கர்களுக்கு ஒரு படகுதான் ஞாபகம் வரும். ஒரு கையை இழந்த மனிதர் கிராண்ட் கேன்யனின் அடியாழத்தில், கொலராடோ ஆற்றின் நுரைவெள்ளத்தில், 1869-இல் படகு விட்டுப் போன கதை. நல்ல கதை. நானும் சொல்லத்தான் போகிறேன்; சொல்லாமல் போனால் நீங்கள் விடமாட்டீர்கள். ஆனால் நான் பேச வந்தது, அதற்கு ஒன்பது வருஷம் கழித்து அவர் அரசாங்கத்தின் கையில் கொடுத்த ஓர் அறிக்கையைப் பற்றி. 'அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வறண்ட பகுதி நிலங்கள் பற்றிய அறிக்கை' என்று பெயர். தலைப்பைப் படிக்கும்போதே கொட்டாவி வரும். ஆற்றில் இறங்கியதைவிட இந்த அறிக்கையை எழுதியதுதான் பெரிய துணிச்சல் என்பது என் கட்சி.

பவல் பிறந்தது 1834-இல், நியூயார்க் மாநிலத்தின் மவுண்ட் மோரிஸில். அப்பா இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறியவர், மெதடிஸ்ட் போதகர், அடிமை முறைக்கு எதிராக ஓயாமல் பேசியவர். ஒஹாயோவில் ஜாக்சன் என்ற ஊரில் இருந்தபோது, அப்பாவின் மேலிருந்த கோபத்தை ஊர்ப் பையன்கள் மகன் மேல் கல்லெறிந்து தீர்த்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு, ஜார்ஜ் க்ரூக்கம் என்ற அண்டைவீட்டுப் பெரியவரிடம் பாடம் படிக்க அனுப்பினார்கள். க்ரூக்கம் தானாகவே இயற்கை அறிவியல் கற்றவர். கல், செடி, எலும்பு என்று கண்டதையெல்லாம் சேர்த்து வைத்திருந்தவர். புத்தகத்தை மூடிவிட்டுப் பையனைக் காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய்விடுவார். அமெரிக்க நிலவியல் அந்தக் கல்லெறிந்த பையன்களுக்குக் கொஞ்சம் நன்றி சொல்ல வேண்டும்.

பிறகு விஸ்கான்சின், அதன்பின் இலினாய். அப்பா ஊர் ஊராகப் பிரசங்கத்துக்குப் போய்விட, பண்ணை வேலை சின்ன வயதிலேயே மகன் தலையில் விழுந்தது. மூன்று கல்லூரிகளில் படித்தார்; ஒன்றிலும் பட்டம் வாங்கவில்லை. 1856-இல் மிசிசிப்பியின் மேல்பகுதியிலிருந்து கடல்வரை துடுப்புப் போட்டுக்கொண்டு போனார். அடுத்த வருஷம் ஒஹாயோ ஆறு, அதற்கடுத்த வருஷம் இலினாய் ஆறு. போகிற வழியெல்லாம் கிளிஞ்சல் பொறுக்கினார். விளையாட்டல்ல, இலினாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தில் கிளிஞ்சல் சேகரிப்புக்கு அவர்தான் பொறுப்பு.

1861-இல் உள்நாட்டுப் போர். சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து பீரங்கிப் படையின் தலைவரானார். 1862 ஏப்ரல் 6, ஷைலோ போர்க்களம். பீரங்கியைச் சுடச் சொல்லி வலக்கையைத் தூக்கிய நேரத்தில் குண்டு மணிக்கட்டின் அருகே பாய்ந்தது. முழங்கைக்குக் கீழே கையை எடுத்துவிட்டார்கள். வெட்டிய இடத்தில் நரம்பு வலி கடைசி வரைக்கும் போகவில்லை. ஆள் வீட்டுக்குப் போனாரா என்றால் இல்லை. திரும்பவும் களத்துக்குப் போய் மேஜர் பட்டத்தோடு வெளியே வந்தார். அந்தப் பட்டம் பெயரோடு ஒட்டிக்கொண்டது. நெருங்கியவர்கள்கூட அவரை 'மேஜர்' என்றுதான் கூப்பிட்டார்கள்.

போருக்குப் பிறகு இலினாயில் நிலவியல் பேராசிரியர். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ராக்கி மலைக்குப் போனபோது, வரைபடத்தில் ஓர் இடம் வெறுமையாகக் கிடப்பதைப் பார்த்தார். கிரீன் ஆறும் கிராண்ட் ஆறும் சேர்ந்து கொலராடோவாகி, நூற்றுக்கணக்கான மைல் பாறைச் சுவர்களுக்கிடையே எங்கேயோ ஓடிப்போய் மறுபுறம் வருகிறது. நடுவில் என்ன இருக்கிறதென்று எழுதி வைத்தவர் எவருமில்லை. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பழங்குடிகளுக்குத் தெரியும். அவர்களிடம் வாஷிங்டன் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

1869 மே 24. வயோமிங்கில் கிரீன் ரிவர் என்ற ரயில் நிலைய ஊர். கண்டத்தின் குறுக்கே போட்ட இருப்புப்பாதை இணைந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. சிகாகோவில் கட்டிய நான்கு படகுகள் ரயிலில் வந்து இறங்கின. பத்துப் பேர், பத்து மாதச் சாப்பாடு. நுரைவெள்ளத்தில் படகு விட்டுப் பழகிய ஆள் ஒருவரும் கிடையாது.

பவல் உயிரைப் போல் பார்த்துக்கொண்டது பாரமானிகளை. காரணம் இருக்கிறது. கிளம்பிய இடம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 6,000 அடி. போய்ச் சேர வேண்டிய வர்ஜின் ஆற்றுச் சங்கமம் ஆயிரம் அடிக்கும் கீழே. இடையில் ஆறு எங்கெங்கே எவ்வளவு விழுகிறதென்று தெரியாது, ஆனால் மொத்தம் ஐயாயிரம் அடிக்கு மேல் விழுந்தாக வேண்டும். பாரமானியைப் பார்த்தால் இன்னும் எத்தனை அடி பாக்கி என்று கணக்குப் போடலாம். புறப்பட்டு இரண்டு வாரத்தில், லொடோர் பள்ளத்தாக்கில், 'நோ நேம்' என்ற படகு பாறையில் மோதி உடைந்தது. பாரமானிகள் எல்லாம் அந்தப் படகில்தான் இருந்தன. மறுநாள் சிலர் உயிரைப் பணயம் வைத்து, பாறையிடுக்கில் சிக்கிக் கிடந்த பாதிப் படகுக்குப் போனார்கள். அங்கிருந்து ஆரவாரம் கேட்டது. பாரமானிக்காகத் தன் ஆட்கள் இவ்வளவு சந்தோஷப்படுகிறார்களே என்று மேஜர் நெகிழ்ந்துபோனார். பாரமானிகளும் கிடைத்திருந்தன, ஆனால் ஆரவாரம் அவருக்குத் தெரியாமல் படகில் ஏற்றியிருந்த விஸ்கிப் பீப்பாய்க்கு! அந்தக் குளிரில் பீப்பாய் வந்ததும் நல்லதுதான் என்று அவரே எழுதியிருக்கிறார்.

இன்னொரு காட்சி. உயரம் அளக்க ஒரு செங்குத்துப் பாறையில் ஏறினார்கள். ஓரிடத்தில் பவல் இடக்கையால் பாறை முனையைப் பிடித்தபடி மாட்டிக்கொண்டார். மேலே போகக் கை இல்லை. கீழே இறங்கக் கால் வைக்க இடமில்லை. கால்கள் நடுங்கத் தொடங்கின. கயிறு கீழே முகாமில் கிடந்தது. மேலே இருந்த ஜார்ஜ் பிராட்லி சட்டென்று தன் நீள உள்கால்சட்டையைக் கழற்றித் தொங்கவிட்டார். பவல் பிடியை விட்டுவிட்டு அதைப் பாய்ந்து பிடித்தார். பிராட்லியின் நாட்குறிப்பிலும் இந்தச் சம்பவம் இருக்கிறது. தேதியும் இடமும் மட்டும் பவலின் புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை. கதையை எங்கே வைத்தால் எடுபடும் என்று மேஜருக்குத் தெரியும்.

ஆகஸ்ட் கடைசியில் மிஞ்சியது பூசணம் பிடித்த மாவு, உலர்ந்த ஆப்பிள், காப்பி. ஆகஸ்ட் 28 அன்று மிரட்டும்படியான ஒரு நுரைவெள்ளத்தின் முன் வந்து நின்றார்கள். ஹவ்லண்ட் சகோதரர் இருவரும் டன் என்பவரும் இனி முடியாதென்று மலையேறிப் போய்விட்டார்கள். படகில் போன மற்றவர்கள் இரண்டு நாளில் வர்ஜின் சங்கமத்தை அடைந்தார்கள். அங்கே வலை வீசி மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு, ஆற்றில் உடைந்த படகுத் துண்டுகள் வந்தால் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று உத்தரவு வந்திருந்ததாம். மலையேறிய மூவரும் கொல்லப்பட்டார்கள். யார் கொன்றார்கள் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

1871–72-இல் இன்னொரு குழுவோடு திரும்பவும் போனார். முறையான வரைபடம் பிறந்தது அப்போதுதான். அதில் பெரும்பாலும் அவருடைய மைத்துனர் ஏ. எச். தாம்சனின் உழைப்பு. ஆனால் 1875-இல் வந்த பவலின் புத்தகம் இரண்டு பயணத்தையும் ஒன்றாகக் கலந்து, எல்லாம் 1869-இல் நடந்ததுபோல் சொல்கிறது. இரண்டாம் குழுவினர் பெயர்கூட இல்லை. இது சிறுமை; வேறு சொல் கிடையாது.

சரி, படகுக் கதை முடிந்தது.

இந்தப் பயணங்களுக்கு நடுவிலும் பிறகும் பவல் பல காலம் யூட்டாவில் சுற்றினார். அங்கே மார்மன் சமயத்தார் குடியேறி இருபது முப்பது வருஷம் ஆகியிருந்தது. மலையிடுக்கிலிருந்து ஓடை வெளியே வரும் வாயில் ஊரார் கூடிச் சிறு அணை கட்டுவார்கள், வாய்க்கால் வெட்டுவார்கள், முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். அந்த வேலை தனி ஒரு குடும்பத்தால் ஆகாது. நியூ மெக்சிகோவில் ஸ்பானியக் குடியானவர்கள் அதற்கும் வெகு முன்பே 'அசேக்கியா' என்ற ஊர்ப்பொது வாய்க்கால்களை நடத்தி வந்தார்கள். வருஷா வருஷம் தூர் வார வீட்டுக்கு ஒரு ஆள், தண்ணீர் பிரித்துவிட 'மயோர்தோமோ' என்று ஒருவர். நம் ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டி என்று ஒருவர் மடை திறந்து பங்கு வைப்பாரே, அந்த வேலை. தண்ணீர் குறைந்த இடத்தில் மனிதர்கள் எந்த மொழி பேசினாலும் ஏறக்குறைய ஒரே ஏற்பாட்டுக்குத்தான் வந்து சேர்கிறார்கள்.

வாஷிங்டன் சட்டமோ வேறு மாதிரி இருந்தது. 1862-இன் ஹோம்ஸ்டெட் சட்டப்படி ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர். ஐந்து வருஷம் குடியிருந்து உழுதால் நிலம் சொந்தம். அளப்பதற்குச் சதுரக் கட்டம். ஒஹாயோவிலும் இலினாயிலும் இது பிரமாதமாக வேலை செய்தது. அங்கே மழை பெய்தது. டக்கோட்டா, நெப்ராஸ்கா, கான்சாஸ், டெக்சாஸ் வழியாக மேலிருந்து கீழாகப் போகிறது நூறாவது தீர்க்கரேகை. ஏறக்குறைய அந்தக் கோட்டுக்கு மேற்கே வருஷ மழை 20 அங்குலத்துக்குக் குறைவு. அதை நம்பி மானாவாரி வெள்ளாமை செய்ய முடியாது. இதைச் சொல்ல யாரும் தயாராக இல்லை. ரயில் கம்பெனிகளிடம் விற்க நிலம் இருந்தது. மாநிலங்களுக்கு ஆட்கள் வேண்டியிருந்தது. போதாததற்குப் படித்தவர்கள் சிலர் ஒரு கொள்கையே கண்டுபிடித்தார்கள்: கலப்பை போகும் இடத்துக்கு மழை பின்னாலேயே வரும். மண்ணை உழுதால் ஈரம் மேலேறி மேகமாகுமாம். நெப்ராஸ்காப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாமுவேல் ஆகி இதைத் தீவிரமாகப் பரப்பினார். அவருடைய கெட்ட நேரமோ குடியானவர்களின் கெட்ட நேரமோ, அப்போது சில வருஷம் நன்றாக மழையும் பெய்துவிட்டது.

இந்தச் சூழலில்தான் 1878 ஏப்ரலில் பவலின் அறிக்கை வந்தது. கொஞ்சம் நிதானமாக அதன் உள்ளே போவோம்.

முதலில் கணக்கு. யூட்டாவில் எல்லா ஓடை, ஆற்று நீரையும் பாய்ச்சினால் எவ்வளவு நிலம் நனையும்? மொத்தப் பரப்பில் நூற்றுக்கு மூன்று பங்குகூட இல்லை என்று விடை வந்தது. மீதி மேய்ச்சல் நிலம், மலைக்காடு, பாலை. அப்படியானால் 160 ஏக்கர் என்ற அளவுக்கு அங்கே அர்த்தமே கிடையாது. வாய்க்கால் பாசனத்தில் ஒரு குடும்பம் 160 ஏக்கரைச் சமாளிக்காது. 80 போதும் என்றார். மேய்ச்சலுக்கோ 160 ஏக்கர் எந்த மூலைக்கு? ஒரு பண்ணைக்கு 2,560 ஏக்கர், அதாவது நான்கு சதுர மைல், வேண்டும் என்றார். அந்த மேய்ச்சல் பண்ணையிலும் தண்ணீர் பாயும் துண்டு கொஞ்சம் இருக்க வேண்டும்: வீட்டுத் தோட்டத்துக்கும் குளிர்காலத் தீவனத்துக்கும் ஓர் இருபது ஏக்கர். ஆகவே நிலத்தைச் சதுரமாக வெட்டாதே. ஒவ்வொரு பண்ணைக்கும் ஓடைக்கரை கிடைக்கிற மாதிரி, தரையின் வாட்டத்துக்குத் தக்கபடி எல்லை போடு. இல்லாவிட்டால் ஓடைக்கரையைப் பிடித்தவன் சுற்றியுள்ள ஆயிரக்கணக்கான ஏக்கருக்கும் முதலாளி ஆகிவிடுவான், பட்டா யார் பெயரில் இருந்தாலும். இது அப்போதே நடந்துகொண்டிருந்தது.

அடுத்தது தண்ணீர் உரிமை. தண்ணீர் நிலத்தோடு போக வேண்டும். நிலத்தை விற்றால் நீரும் கூடவே போகும். நீரை மட்டும் தனியாகப் பிரித்து விற்க விடக்கூடாது. தண்ணீர்க் கம்பெனி என்று ஒன்று கிளம்பி, குடியானவனின் கழுத்தில் கை வைக்கும் நாள் வரும் என்று பயந்தார். ஒன்பது பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்தால் தாங்களே ஒரு பாசன வட்டம் அமைத்து, பங்கீட்டு விதிகளையும் தாங்களே வகுக்கலாம் என்று சட்ட நகலே எழுதி இணைத்திருந்தார். மேய்ச்சலுக்கும் அதே போல் ஒன்று. வேலி இல்லாத பொது மேய்ச்சல். தனிமனிதனின் உழைப்பே எல்லாம் என்று சத்தியம் செய்யும் நாட்டில், ஒன்பது குடும்பம் கூடினால்தான் பிழைக்க முடியும் என்று ஓர் அரசாங்க அதிகாரி எழுதுகிறார். ஆற்றில் இறங்கியதைவிடத் துணிச்சல் என்று நான் சொன்னது இதைத்தான்.

நாடாளுமன்றம் அறிக்கையைப் படித்துவிட்டு அலமாரியில் வைத்தது.

1881-இல் பவல் அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் இயக்குநரானார். 1886–87 குளிர்காலத்தில் மேற்குச் சமவெளியில் பனியில் மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. பின்னாலேயே வறட்சி வந்தது. கலப்பைக்குப் பின்னால் வந்த மழை கலப்பையை விட்டுவிட்டுப் போய்விட்டது. 1888-இல் நாடாளுமன்றம் அவரைக் கூப்பிட்டு, பாசனத்துக்கு ஏற்ற நிலமும் நீர்த்தேக்க இடங்களும் எவை என்று அளந்து சொல்லச் சொல்லி ஒரு லட்சம் டாலர் கொடுத்தது.

ஆற்றில் எவ்வளவு நீர் போகிறதென்று அளக்கத் தெரிந்த ஆட்களே அப்போது அங்கு இல்லை. அந்தக் குளிர்காலத்தில் நியூ மெக்சிகோவில் ரியோ கிராண்டே கரையில் எம்புடோ என்ற இடத்தில், எஃப். எச். நியூவெல் என்ற இளம் பொறியாளர் தலைமையில், ஒரு கூட்டம் இளைஞர்கள் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். நீரோட்ட வேகத்தை எந்தக் கருவியால், எந்த ஆழத்தில், எத்தனை இடத்தில் அளப்பது என்று ஆற்றிலேயே இறங்கிப் பழகினார்கள். 1889-இல் அங்கே வைத்த நீரளவு நிலையம்தான் அந்தத் துறையின் முதல் நிலையம். இன்று நாடெங்கும் ஆயிரக்கணக்கில் உள்ளவற்றுக்கு அதுவே மூத்தது. வீரக்கதை எழுதுகிறவர்கள் எம்புடோவைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு உள்கால்சட்டைக் கதையைவிட இதுதான் பிடிக்கும்.

1889 ஆகஸ்டில் வடக்கு டக்கோட்டா, மொன்டானா இரண்டும் மாநிலமாகப் போகும் தறுவாயில் அரசியல் சட்டம் எழுதிக்கொண்டிருந்தன. இரண்டு இடத்திலும் பவல் பேசினார். வடக்கு டக்கோட்டாவின் பிஸ்மார்க்கில் சொன்னதன் சாரம் இது: உங்கள் கிழக்கில் மழை உண்டு, பயமில்லை. மேற்கில் மழை கிடையாது என்பது தெரிந்ததே, அங்கும் ஆள் ஏமாற மாட்டான். நடுவில் இருக்கும் பட்டைதான் ஆபத்து. நாலு வருஷம் விளையும், ஆள் வந்து குவிவான், அடுத்த சில வருஷத்தில் எல்லாம் போகும். மொன்டானாவின் ஹெலனாவில் இன்னும் ஒரு படி மேலே போனார். மாவட்ட எல்லைகளை நீர்ப்பிடிப்புப் பகுதியை ஒட்டிப் போடுங்கள். ஓடை பிறக்கும் காடும் அது பாயும் வயலும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருக்கட்டும் என்றார். தலைமடைக்காரனும் கடைமடைக்காரனும் ஒரே சபையில் உட்கார்ந்தால் சண்டை ஊருக்குள்ளேயே தீரும் என்பது அவர் எண்ணம். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். எல்லைகளை வழக்கம்போல் போட்டுக்கொண்டார்கள்.

இதற்கிடையில் சிக்கல் வெடித்தது. அளவை நடக்கும் இடத்தைப் பார்த்து முன்கூட்டியே நிலத்தை வளைத்துப்போடும் ஆட்கள் பின்னாலேயே வந்தார்கள். அதைத் தடுக்கச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது: பாசனத்துக்குத் தகுதியான நிலம் அளவை முடியும்வரை யாருக்கும் இல்லை. அதைக் கண்டிப்பாக அமல்படுத்தியதும் மேற்கில் நிலப்பதிவே நின்றுபோனது. இந்த அளவைத் திட்டத்தை ஆதரித்துக் கொண்டுவந்த நெவாடா செனட்டர் வில்லியம் ஸ்டூவர்ட்டே இப்போது பவலுக்குப் பரம விரோதி. எத்தனை வருஷம் ஆகும் என்று கேட்டார்கள். சில வருஷம் ஆகும், அளக்காமல் கொடுக்க முடியாது என்றார் மேஜர். அரசியல்வாதியிடம் சொல்லக்கூடாத பதில். 1890 ஆகஸ்டில் பணமும் போனது, அந்தப் பிரிவும் போனது.

1893-இல் லாஸ் ஏஞ்சலிஸில் பாசன மாநாடு. ஒரு கோடி ஏக்கர், பத்துக் கோடி ஏக்கர் என்று ஒருவரை ஒருவர் மிஞ்சிக்கொண்டிருந்தார்கள். பவல் எழுதி வைத்த உரையை ஒதுக்கிவிட்டு, இருக்கிற நிலத்துக்கே தண்ணீர் போதாது, தலைமுறை தலைமுறைக்கும் வழக்கைத்தான் சேர்த்து வைக்கிறீர்கள் என்றார். கூச்சல் போட்டார்கள். மறு வருஷம் துறையை விட்டு விலகினார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இன்று சுற்றுச்சூழல்காரர்கள் பவலைத் தங்கள் ஆதிகுருவாக்கிக் கொண்டாடுகிறார்கள். பாதிதான் சரி. ஆறு ஆறாக ஓடட்டும் என்று அவர் சொன்னதே இல்லை. ஒரு சொட்டும் கடலில் வீணாகக் கூடாது, அணை கட்டிப் பாய்ச்ச வேண்டும் என்பதே அவர் கட்சி. மலைக்காட்டை அப்படியே காக்க வேண்டும் என்றவர்களோடு அவருக்கு உரசல் உண்டு. அவருடைய சிக்கனம் ஒரு கணக்கரின் சிக்கனம்.

பழங்குடிகள் விஷயத்தில் இதைவிடச் சங்கடம். பையூட் மக்களோடு உட்கார்ந்து சொற்களைக் குறித்துக்கொண்டவர். ஒரு கை இல்லாததால் 'கபுராட்ஸ்' என்று அவர்கள் அவருக்குப் பெயரே வைத்தார்கள். 1879-இல் தொடங்கிய இனவியல் அலுவலகத்தைச் சாகும்வரை நடத்தினார். வட அமெரிக்கப் பழங்குடி மொழிகளை 58 குடும்பங்களாகப் பகுத்த 1891 வரைபடம் அவர் பெயரில் வந்தது. அதே மனிதர்தான் 1873-இல் அவர்களை ஒதுக்கிடங்களில் குடியமர்த்திப் பயிர்த்தொழில் பழக்க வேண்டும் என்று அரசுக்குப் பரிந்துரைத்தார். 1878 அறிக்கையில் அந்த நிலம் ஏதோ யாருமில்லாமல் கிடந்ததுபோல் பங்கிடப்படுகிறது.

1902 செப்டம்பரில் மெயின் மாநிலத்தில் காலமானார். அதற்கு மூன்று மாதம் முன்புதான் மேற்கின் பாசனத்துக்கு மத்திய அரசே அணை கட்டும் சட்டம் வந்திருந்தது. அந்தப் புதிய துறையின் தலைவர், எம்புடோவில் கூடாரம் போட்ட அதே நியூவெல். பிற்பாடு அந்த நாற்காலிக்கு வந்த ஆர்தர் பவல் டேவிஸ் மேஜரின் சகோதரி மகன். அணைகள் எழுந்தன. மாநில எல்லைகளைத் தாண்டி ஓடும் ஆற்றை ஒரே படுகையாக நிர்வகிக்கும் எண்ணம் மட்டும் எழவில்லை.

1922-இல் கொலராடோ படுகையின் ஏழு மாநிலங்கள் ஆற்றைப் பங்கு போட்டன. மேல் படுகைக்கு 75 லட்சம் ஏக்கர் அடி, கீழ்ப் படுகைக்கு 75 லட்சம். நம் கணக்கில் பங்குக்குச் சுமார் 327 டி.எம்.சி. டி.எம்.சி. என்றதும் முன்வரிசையில் சிலர் நிமிர்ந்து உட்காருவது தெரிகிறது. ஆற்றில் வருஷத்துக்கு 160 லட்சத்துக்கும் மேல் வரும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது; பார்த்த வருஷங்களோ அசாதாரண ஈர வருஷங்கள். இந்த நூற்றாண்டில் வருவது சராசரியாக 125 லட்சத்தை ஒட்டியே. மெக்சிகோவுக்கு 1944 உடன்படிக்கைப்படி 15 லட்சம் தர வேண்டும். ஒதுக்கிடம் உண்டாக்கியபோதே அதற்கான நீரும் ஒதுக்கப்பட்டதாகும் என்று 1908-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தும், பங்கு போட்டபோது பழங்குடிகளை யாரும் அழைக்கவில்லை. அவர்கள் பங்கும் இதே தண்ணீரிலிருந்துதான் வர வேண்டும்.

1963-இல் கிளென் கேன்யன் அணையை மூடினார்கள். 1869-இல் பவல் ரசித்து ரசித்துப் பெயர் வைத்த பள்ளத்தாக்கு அது. தேங்கிய நீருக்கு லேக் பவல் என்று அவர் பெயரையே வைத்தார்கள். அவர் பார்த்திருந்தால் வருந்தியிருப்பார் என்று உருகுகிறவர்கள் உண்டு. எனக்கு நம்பிக்கையில்லை, வரவு எவ்வளவு என்றுதான் முதலில் கேட்டிருப்பார். 2023 தொடக்கத்தில் அது கொள்ளளவில் கால்பங்குகூட இல்லாமல் இருந்தது. பற்றாக்குறையை எப்படிப் பகிர்வது என்று 2007-இல் வகுத்த விதிகளுக்கு 2026 வரைதான் ஆயுள். அதற்காக நடந்த பேச்சுவார்த்தைகளிலும் ஏழு மாநிலங்களும் ஏழு தரப்பாகத்தான் உட்கார்ந்தன.

அந்த மேஜைமேல் ஒரு வரைபடத்தின் படி வைத்திருக்கிறேன். 1890 வாக்கில் பவலின் துறை தயாரித்தது. வறண்ட மேற்கு முழுவதையும் ஆற்றுப் படுகைகளாகப் பிரித்து வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். மாநில எல்லைகளும் தெரிகின்றன, ஆனால் தேடித்தான் பார்க்க வேண்டும். வந்து பாருங்கள். பார்த்துவிட்டுக் கேள்விகள் கேளுங்கள். காவிரியைப் பற்றியும் கேட்கப் போகிறீர்கள் என்று தெரியும், அதற்குத் தனியாக ஒரு மாலை வேண்டும்.